பதினாலாம் பக்கம்

அந்த மருத்துவமனையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அரைப்புள்ளி அக்கா என்பார்கள். அவசரமாக இருந்தால் வெறும் அரைப்புள்ளி. பதிவேட்டு அறையில் யார் கணினி முன்னால் உட்கார்ந்து கட்டளை எழுதினாலும், பின்னாலிருந்து, "கடைசியில அரைப்புள்ளி வெச்சியா?" என்று ஒரு குரல் வரும். அந்தக் குறி இல்லாவிட்டால், வாக்கியம் இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு, பதிவுகளையெல்லாம் வைத்திருக்கிற டேட்டாபேஸ் சும்மா உட்கார்ந்திருக்கும். எழுதினவனும் அது வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். இப்படி இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அரை மணி நேரம் வீணாக்கியதை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள்.

பெயர் வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவளோ அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டாள். ஒரு அட்டையில் பெரிதாக அரைப்புள்ளி வரைந்து மேஜைமேல் நிறுத்தி வைத்தாள். தலைக்கனமா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டுமே! ஒன்றும் தெரியாமல் தலைக்கனத்தோடு திரிகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிற உலகத்தில், தெரிந்தவளுக்குக் கொஞ்சம் இருந்தால் குடியா முழுகிவிடும்?

அவள் இந்த வேலைக்கு வந்ததே சுற்று வழியில்தான். முதல் ஒன்பது வருஷம் அதே மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எந்த வார்டுக்கு எந்த எண் என்று மனப்பாடமாகச் சொல்வாள். பிறகு எல்லாம் தானியங்கி ஆனது. ஆபரேட்டர் அறையைப் பூட்டி, அவளைப் பதிவேட்டு அறைக்கு மாற்றினார்கள். அங்கே சிஸ்டம்காரர் ஒருவர் இருந்தார். டாக்டர்கள் ஏதாவது பட்டியல் கேட்டால், மனுஷன் நாலு நாள் கழித்துத்தான் கொடுப்பார். எப்படி எடுக்கிறீர்கள் என்று இவள் கேட்டபோது, "அதெல்லாம் உனக்கு ஏறாதும்மா, விட்டுடு" என்றார்.

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. வேறு யாரிடம் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம்.

அவர் வேறு வேலை கிடைத்துப் போனபோது, இரண்டு புத்தகங்களை அலமாரியில் விட்டுவிட்டுப் போனார். ஒன்று தலையணை கனம். இன்னொன்று சட்டைப்பையில் வைக்கிற மாதிரி ஒல்லியான கையேடு. தலையணையைப் படித்தால் மண்டை காய்ந்தது. முதல் நூறு பக்கமும் டேட்டாபேஸ் எப்படிப் பிறந்தது, யார் வளர்த்தார்கள் என்கிற கதை. ஒல்லியானதோ, ஏற்கெனவே எல்லாம் தெரிந்தவர்களுக்காக எழுதியது. இரண்டிலும் உதாரணம் ஒன்றேதான்: ஏதோ ஒரு கம்பெனி, அதில் சில மேலாளர்கள், அவர்களுக்குக் கீழே சில ஆட்கள். "இந்தக் கம்பெனியில் யாருக்கு யார் மேலாளர் என்று தெரிந்துகொண்டு நான் என்ன செய்யப்போகிறேன்?" என்று புத்தகத்தையே திட்டினாள். ஆனால் விடவில்லை. மேலாளர் என்று இருந்த இடத்திலெல்லாம் வார்டு என்று போட்டாள். ஆள் என்று இருந்த இடத்தில் நோயாளி என்று போட்டாள். பதினெட்டு மாதத்தில் டாக்டர்கள் கேட்கிற பட்டியலை, அவர்கள் கேட்டுவிட்டு டீ குடித்து முடிப்பதற்குள் கையில் கொடுத்தாள்.

கற்றதை ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். அந்த நோட்டுதான் பிறகு ஊரறிந்த கையேடு ஆனது. அதன் அமைப்பு அவளே யோசித்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு கேள்வி, வீட்டில் பேசுகிற தமிழில்: "இந்த வாரம் பிறந்த பிள்ளைகள் எத்தனை?", "ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறாரா?" அதற்குக் கீழே கட்டளை. அதற்குக் கீழே, திரையில் என்ன வரும் என்று கட்டம் போட்டுக் காட்டியிருப்பாள். கடைசியில் ஒரு திட்டு. ஏழாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "அழிக்கிற கட்டளையை எழுதும் முன்னால், அதே நிபந்தனையோடு ஒரு செலக்ட், அதாவது எடுத்துக் காட்டுகிற கட்டளை, போட்டு, என்னென்ன அழியப்போகிறது என்று கண்ணால் பார். பார்க்காமல் அழித்துவிட்டு என்னிடம் வந்து அழாதே."

பக்கங்களைச் சோதித்துப் பார்க்க அவளிடம் ஒரு ஆள் இருந்தார். அவள் வீட்டுக்காரர். தண்ணீர்க் குழாய் ரிப்பேர் செய்கிறவர். கணினி வாசனையே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைப் பழைய லேப்டாப் முன்னால் உட்கார வைத்து, போலி நோயாளிகள் இருபது பேரை ஏற்றிக் கொடுத்து, "பக்கத்தைப் பார்த்து அப்படியே அடிங்க" என்பாள். அவருக்கு விடை வந்தால் பக்கம் பாஸ். வராவிட்டால் அவள் திரும்ப எழுதுவாள். அவர் ஒருமுறை, பதினாலாம் பக்கத்தை அடித்துவிட்டு, "ஏம்மா, இந்த லிஸ்ட்ல யாராவது நம்பரை எழுத மறந்துட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"மறக்கிறவங்களுக்கெல்லாம் நான் புத்தகம் எழுத முடியாது. நீங்க அரைப்புள்ளி வெச்சீங்களா?"

வைத்திருந்தார். விடை வந்தது. பக்கம் பாஸ்.

அந்தப் பதினாலாம் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கையேட்டிலேயே அதிகம் புரட்டப்பட்ட பக்கம் அதுதான். அந்த மருத்துவமனையில் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் குதிகாலில் ஒரு குத்துக் குத்தி, ஒரு அட்டையில் நாலு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். தைராய்டு சுரக்கிறதா என்று பார்க்கத்தான். சுரக்காத பிள்ளைக்குப் பிறந்த சில வாரங்களுக்குள் மாத்திரை ஆரம்பித்துவிட்டால், மற்ற பிள்ளைகளைப் போல ஓடியாடி வளரும். தவறவிட்டால் மூளை வளர்ச்சி குன்றிப்போகும். பிறகு என்ன செய்தும் முழுதாக மீட்க முடியாது. சில அட்டைகளில் ரத்தம் பத்தாது. சிலவற்றில் முடிவு ரெண்டுங்கெட்டானாக இருக்கும். அந்தப் பிள்ளைகளை மறுபடி வரச்சொல்லிக் குத்த வேண்டும். ஆகவே தினமும் காலையில் ஒரு கேள்வி: "மறுபடி வரவேண்டிய பிள்ளைகளில் இன்னும் வராதவர்கள் யார்?"

பதினாலாம் பக்கம் அந்தக் கேள்விக்குத்தான். வரவேண்டியவர்கள் ஒரு பட்டியல். வந்து குத்திக்கொண்டவர்கள் இன்னொரு பட்டியல். முதல் பட்டியலில் இருந்து, இரண்டாவதில் இல்லாத எண்களை எடு. இப்படித் தேடுகிற கட்டளைக்குக் குவெரி என்று பெயர். அதில் முக்கியமாக இரண்டே சொல்: நாட் இன், அதாவது 'இதில் இல்லை'. சின்னப் பிள்ளைக்கும் புரியும். அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு டெலிபோன் பண்ணிப் பண்ணி, முப்பதும் நாற்பதுமாக இருந்த பாக்கியைப் பன்னிரண்டு, பதினைந்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இதைக் கேள்விப்பட்டு வேறு ஏழு மருத்துவமனைகள் கையேட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போயின. தலைமை அலுவலகமே அச்சுப் போட முடிவுசெய்தது. திங்கட்கிழமை வெளியீடு. அட்டையில் அவள் பெயர்.

அதற்குப் பத்து நாள் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, பட்டியல் பூஜ்யம் ஆனது.

ஒரு பிள்ளைகூடப் பாக்கி இல்லை! அறையே எழுந்து கைதட்டியது. சூப்பிரண்டு, அதாவது பதிவேட்டு அறையின் தலைவர், எல்லாருக்கும் டீயும் பிஸ்கட்டும் வாங்கித் தந்தார். பயந்த சுபாவம்; நல்ல மனுஷன். அரைப்புள்ளி பூஜ்யத்தைத் திரையோடு போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பினாள். சனி, ஞாயிறு, திங்கள் என்று அடுத்த வியாழன்வரை பூஜ்யம். காலையில் வந்ததும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, வேறு வேலை பார்க்கப் போவாள்.

வியாழக்கிழமை காலையில் குத்துகிற டேபிள் நர்ஸ் கையில் ஒரு தாளோடு வந்தாள். வாய் கொஞ்சம் நீளம். அரைப்புள்ளிக்கும் அவளுக்கும் தினம் ஒரு வாய்ச்சண்டை நடக்கும்; இருவருக்கும் அது பிடித்திருந்தது.

"அக்கா, நேத்து சாயங்காலம் ரெண்டு அட்டை ரத்தம் பத்தலைன்னு திரும்பி வந்துதே, அந்த அம்மாங்களுக்குப் போன் போட்டாச்சா?"

"பட்டியல்ல இல்லையே. அப்போ வந்துட்டுப் போயிட்டாங்க."

"எப்ப வந்தாங்க? காலைல ஏழு மணிலேர்ந்து டேபிள்ல நான்தான் உக்காந்திருக்கேன். எனக்குத் தெரியாம எந்தக் குதிகாலைக் குத்தினாங்க?"

"சிஸ்டர், இங்க பாருங்க. பூஜ்யம். ஆறு நாளா பூஜ்யம். நான் எழுதின குவெரி."

"உங்க குவெரிக்கு ஒரு கும்பிடு போடறேன். ஆனா அந்த ரெண்டு பிள்ளைங்களும் வரல. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

அரைப்புள்ளிக்குச் சுருக்கென்றது.  நர்ஸின் தாளை வாங்கி, இரண்டு எண்களையும் வரவேண்டியவர்கள் பட்டியலில் தேடினாள். இருந்தன. வந்தவர்கள் பட்டியலில் தேடினாள். இல்லை. அதில் இருக்கிறது, இதில் இல்லை; அப்படியானால் பதினாலாம் பக்கம் அவற்றைக் காட்டியே ஆக வேண்டும். மறுபடி ஓட்டினாள். பூஜ்யம். அரைப்புள்ளி இருக்கிறதா என்றுகூடப் பார்த்தாள், பாவம். இருந்தது.

இரண்டு பட்டியலையும் காகிதத்தில் எடுத்து, பென்சிலும் ஸ்கேலும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக டிக் போட்டாள். கணினி வருவதற்கு முன்னால் குமாஸ்தாக்கள் செய்த வேலை. நாற்பது நிமிஷம் ஆனது. டிக் விழாத எண்கள் பதினொன்று. வந்தவர்கள் பட்டியலில், ஆறு நாளைக்கு முந்தைய ஒரு வரியில், எண் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

அந்தப் பட்டியலில் எண்களைப் பதிகிற லேப்காரரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அட்டையின் லேபிள் நனைந்து போயிருந்ததாம். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று காலியாக விட்டாராம். "மறந்துட்டேன்க்கா. ஒரே ஒரு வரிதானே, அதனால என்ன?"

அதனால் என்ன என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. காலியிடத்தை டேட்டாபேஸ் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளாது. இல்லை என்றும் எடுத்துக்கொள்ளாது. 'தெரியாது' என்று எடுத்துக்கொள்ளும். டேட்டாபேஸ் மொழியில் அதற்கு 'நல்' (null) என்று பெயர். இந்தப் பிள்ளை வந்தவர்கள் பட்டியலில் இல்லையா என்று கேட்டால், அது ஒவ்வொரு வரியாகப் பார்க்கும். இது இல்லை, இது இல்லை, இது... தெரியாது. அந்தத் தெரியாத எண் இந்தப் பிள்ளையுடையதாகவே இருக்கலாம் அல்லவா? அப்படியானால் 'இல்லை' என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே காட்ட மாட்டேன். அடுத்த பிள்ளைக்கும் அதே பதில்தான். எல்லாப் பிள்ளைக்கும் அதே பதில்தான். ஒரே ஒரு காலியிடம் உட்கார்ந்துகொண்டு பட்டியல் மொத்தத்தையும் விழுங்கிவிட்டது. பிழை என்று ஒரு எச்சரிக்கை வந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள். வந்ததோ சுத்தமான பூஜ்யம். அதற்குப்போய் டீயும் பிஸ்கட்டும்!

தலையணைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். நானூற்றுச் சொச்சம் பக்கத்தில், பொடி எழுத்தில், இந்த எச்சரிக்கை இருக்கத்தான் செய்தது. அவள் அந்த அத்தியாயத்தை மேலாளர் கதை என்று தாண்டியிருந்தாள். யாராவது எண்ணை எழுத மறந்துவிட்டால் என்று கேட்டாரே அவள் வீட்டுக்காரர், குழாய் ரிப்பேர்காரர், கணினி வாசனையே இல்லாத மனுஷன்! தன் மண்டையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனால் குட்டு வாங்கிக்கொண்டு உட்கார நேரமில்லை.

"சிஸ்டர், நீங்க சொன்னதுதான் சரி. பதினோரு பிள்ளைங்க. நான் போன் போடறேன், நீங்க டேபிளை ரெடி பண்ணுங்க."

நர்ஸ் ஒரு கிண்டலும் செய்யாமல் ஓடினாள். அதிலிருந்தே விஷயம் எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஒன்பது வருஷம் டெலிபோனில் பேசிப் பழகிய குரல் அவளுக்குக் கைகொடுத்தது. பயமுறுத்தாமல், இழுத்தடிக்காமல், "இன்னைக்கே தூக்கிட்டு வாங்கம்மா, பத்து நிமிஷ வேலை" என்றாள். மத்தியானத்துக்குள் பத்துப் பேரைப் பிடித்துவிட்டாள். பதினோராவது எண்ணைப் போட்டால், அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று பதிவுக்குரல் சொன்னது. பட்டியலில் அந்தப் பிள்ளையின் குறிப்பைப் பார்த்தாள். ஆண். பிறந்து பதினாறு நாள். முதல் முடிவு ரெண்டுங்கெட்டான். மற்ற பத்துப் பேரில் பெரும்பாலோர் ரத்தம் பத்தாதவர்கள்தான். இவன் அப்படி இல்லை.

இதற்கு நடுவில் சூப்பிரண்டு கூப்பிட்டு அனுப்பினார். முகத்தில் ஈயாடவில்லை.

"அம்மா, திங்கக்கிழமை வெளியீடு. இப்பப் போயி தப்புன்னு சொன்னா தலைமை ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க? நீங்க அந்தப் பக்கத்தை மட்டும் திருத்தி, சத்தமில்லாம அச்சகத்துக்கு அனுப்பிடுங்க. புதுப் புத்தகம் கைக்கு வந்தா எல்லாரும் பழைய ஜெராக்ஸைத் தூக்கிப் போட்டுடுவாங்க."

"சார், அந்த ஏழு இடத்துல..."

"அங்கெல்லாம் இப்படிக் காலியா விடற லேப்காரர் இருக்க மாட்டாரும்மா. நாலு நாள்தானே? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அரைப்புள்ளி "சரி சார்" என்றாள். இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேசுகிறவள், தன் பெயர் போட்ட அட்டை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றதும், சரி சார் என்றாள். பதினாறு நாள் பிள்ளை நினைப்பில் அவசரமாக இருந்தாள் என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லலாம். அது பாதி உண்மை.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். போன் எண் செத்துப்போனால் ஆளும் காணாமல் போய்விடுவார்களா என்ன? அந்த அம்மாவுக்கு இது இரண்டாவது பிரசவம் என்று குறிப்பில் இருந்தது; அப்படியானால் முதல் பிரசவம் எங்கேயோ நடந்திருக்கும். அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் வைத்துப் பழைய பிரசவப் பதிவேட்டில் தேடினாள். இல்லை. பெயரை வேறு மாதிரி எழுதியிருப்பார்களோ என்று முதல் மூன்று எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, பிறந்த தேதி பொருந்துகிறவர்களை எடுத்தாள். மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி அதே தெருவில் இருந்தவள்; நாலு வருஷத்துக்கு முன்னால் பெண் பிள்ளை. அந்தப் பெண் பிள்ளையின் எண்ணைத் தடுப்பூசிப் பதிவேட்டோடு இணைத்தாள். அங்கே அப்பாவின் வேலையிடம் என்று ஒரு எண். பேக்கரி.

சும்மா சொல்லக் கூடாது, இந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எட்டே நிமிஷம்.

பேக்கரியில் மெஷின் சத்தம் காதைப் பிளந்தது. அப்பா வந்து போனை வாங்கினார். "வீடு மாத்திட்டோம் மேடம். அவ அக்கா வீட்டுல இருக்கா. என்ன விஷயம், பையனுக்கு ஏதாவது?"

"ஒரு டெஸ்ட் பாக்கி இருக்கு சார். நாளைக்குக் காலைல எட்டு மணிக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. தள்ளிப் போடாதீங்க. வரலைன்னா நானே வந்து நிப்பேன்."

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அம்மா பிள்ளையோடு வந்தாள். தையல் கடையில் வேலை பார்க்கிறவள். பையன் தூங்கிக்கொண்டே இருந்தான். "ரொம்ப சமத்து, அழவே மாட்டான்" என்றாள். நர்ஸ் அரைப்புள்ளியைப் பார்த்தாள். அரைப்புள்ளி தரையைப் பார்த்தாள். சுரப்பு குறைந்த பிள்ளைகள் அப்படித்தான் தூங்கும் என்று இருவருக்கும் தெரியும்.

மத்தியானம் முடிவு வந்தது. குழந்தை டாக்டர், பையனின் அம்மாவை உட்கார வைத்து, அவசரப்படாமல் விளக்கினார். சுரப்பி வேலை செய்யவில்லை. தினம் ஒரு மாத்திரை, பொடித்துப் பாலில் கலந்து. இன்றைக்கே ஆரம்பித்தால் நன்றாக வளர்வான், பயப்பட வேண்டாம். முதல் மாத்திரையை அங்கேயே கொடுத்தார்கள். டாக்டர் சொல்லி முடித்துவிட்டு, வாசலில் நின்ற அரைப்புள்ளியைக் காட்டி, "இவங்கதான் உங்களைக் கண்டுபிடிச்சாங்க. போன் நம்பர் இல்லாம, எங்கெங்கேயோ தேடி" என்றார்.

அம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. பாராட்டை ஒருநாளும் வேண்டாம் என்று சொல்லாதவள் அரைப்புள்ளி. ஆனால் அந்தப் பிடி அவளுக்குச் சுட்டது.

"கண்டுபிடிச்சது நான்தாம்மா. தொலைச்சதும் நான்தான். ஆறு நாளைக்கு முன்னாடியே உங்களைக் கூப்பிட்டிருக்கணும். நான் எழுதி வெச்ச முறையில ஒரு தப்பு இருந்துது. உங்க பையன் பேரு பட்டியல்லேர்ந்து விழுந்துபோச்சு."

அம்மா கையை எடுத்துக்கொண்டாள். 

"ஆறு நாளா?"

"ஆறு நாள்."

"அந்த ஆறு நாளும் நான் இவனை, சமத்து, சமத்துன்னு கொஞ்சிக்கிட்டு இருந்தேன்."  திட்டப்போகிறாள் என்று அரைப்புள்ளி நின்றாள்; திட்டட்டும் என்றுதான் நின்றாள். அவள் திட்டவில்லை. பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டாள்: "எழுதி வெச்ச முறைன்னா? எதுல எழுதினீங்க?"

"ஒரு கையேடும்மா. இதை எப்படித் தேடறதுன்னு."

"அது இங்க மட்டும்தான் இருக்கா?"

"இன்னும் ஏழு இடத்துல இருக்கும்மா" என்றாள் அரைப்புள்ளி.  அந்தப் பெண் தைக்கிறவள். ஒரு அளவு தப்பானால் அதை வைத்து வெட்டின துணியெல்லாம் தப்பு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அங்கெல்லாம் சொல்லிட்டீங்களா?" என்றாள்.

அரைப்புள்ளி திரும்பி நடந்தாள். நடை என்ன நடை, ஓட்டம். பதிவேட்டு அறையில் சூப்பிரண்டு ஏதோ கேட்க எழுந்தார். "சார், அட்டையில என் பேரு இல்லைன்னாலும் பரவாயில்லை. வெளியீடே இல்லைன்னாலும் பரவாயில்லை. நான் போன் பண்ணப்போறேன்" என்றாள். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு தன் மேஜைமேல் இருந்த டெலிபோனை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். நல்ல மனுஷன் என்று சொன்னேன் அல்லவா?

முதல் மருத்துவமனையில் ஒரு பெண் எடுத்தாள். சின்னக் குரல். அரைப்புள்ளி அக்கா என்றதும் உற்சாகமானாள். "அக்கா! உங்க நோட்டாலதான் நாங்க பிழைக்கிறோம். எங்களுக்கும் இப்ப மூணு வாரமா பூஜ்யம்தான் தெரியுமா?"

"பேப்பர் எடும்மா. பதினாலாம் பக்கம் தப்பு. நான் எழுதினது தப்பு. நான் சொல்றதை அப்படியே அடி. நான் லைன்லயே இருக்கேன்."

புதுக் கட்டளையை ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். வந்தவர்கள் பட்டியலில் எண் காலியாக இருக்கிற வரிகளைத் தள்ளிவிட்டு, மீதியில் மட்டும் பார்க்கச் சொன்னாள். மறுமுனையில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"வந்துதா?"

அந்தப் பெண் கட்டளையை மறுபடி ஒருமுறை ஓட்டுவது கேட்டது.

"என்னம்மா, வந்துதா? எத்தனை காட்டுது?"

"நாலு," என்றாள் அந்தப் பெண். உற்சாகமெல்லாம் வடிந்துபோயிருந்தது. "நாலு பிள்ளைங்க அக்கா."

"வயசு சொல்லு," என்றாள் அரைப்புள்ளி. "சின்னதுலேர்ந்து இல்ல, பெரியதுலேர்ந்து."